செய்தியையும் சலித்துத்தான் எடுக்கணும்

போன தை மாதத்தில் ஒரு நாள் காலை. என் மாமியார் திண்ணையில் சுளகை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லாக இருக்கும் என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி தனியாக இருக்கிறது. மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் நிறம் மாறி, வழவழவென்று இருந்தது.

"என்ன அத்தை இது?"

"பிளாஸ்டிக்கு! அரிசியில பிளாஸ்டிக்கைக் கலந்து விக்கிறானுங்க. உங்க நாத்தனா அனுப்பிச்சிருக்கா, கேட்டுப்பாரு."

போனில் ஒரு ஆண் குரல் பதறுகிறது. இந்த அரிசியைத் தின்றால் குடல் வெந்து போகுமாம். சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்தால் பந்து மாதிரி எழும்புமாம். உடனே பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி முடிகிறது. நானும் சும்மா இருக்கவில்லை. முந்தின ராத்திரிச் சோற்றை உருட்டித் தரையில் போட்டுப் பார்த்தேன். எழும்பத்தான் செய்தது! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்போது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் (ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்) வந்து எட்டிப் பார்த்தாள். "இது பொய்" என்று அவள் சொல்லவில்லை. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் பேசறது யாரு அப்பத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். "யாரோ டாக்டராம்." "எந்த ஊர் டாக்டராம்? பேரு சொன்னாரா?" மாமியார் திரும்ப ஒரு தரம் கேட்டார். பேரும் இல்லை, ஊரும் இல்லை.

சாயந்திரம் பேத்தியும் அப்பத்தாவுமாக ரேஷன் கடைக்கே போனார்கள். மூட்டையைக் காட்டச் சொன்னார்கள். அதில் 'செறிவூட்டப்பட்ட அரிசி' என்று அச்சடித்து, கூட்டல் குறியும் எஃப் என்ற எழுத்தும் போட்ட முத்திரை இருந்திருக்கிறது. விஷயம் இவ்வளவுதான். அரிசியை மாவாக்கி, இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி 12 வைட்டமினும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் விட்டு அரிசி வடிவத்திலேயே வெட்டி எடுக்கிறார்கள். 100 அரிசிக்கு 1 என்ற கணக்கில் அதைச் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். ரத்த சோகைக்காகச் செய்கிற ஏற்பாடு. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2023ல் வர ஆரம்பித்தது. சோற்று உருண்டை எழும்புவதும் அரிசியில் உள்ள ஸ்டார்ச்சினால்தானாம். எந்த அரிசிச் சோற்றையும் அழுத்தி உருட்டினால் கொஞ்சம் எழும்பும்.

எங்கள் தெருவில் மாசமாக இருக்கிற ஒரு பெண்ணும் அந்த அரிசியைத்தான் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். இரும்புச் சத்து யாருக்கு முக்கியமாகத் தேவையோ, அவளே அதைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இப்படிக் கேள்வி கேட்க என் மகளுக்கு எங்கே சொல்லிக் கொடுத்தார்கள்? பாடப் புத்தகத்தில் அல்ல. எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஐந்தாறு பேர் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். இரண்டு பேர் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ஒருவர் முன்னாள் செவிலியர், மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். சம்பளம் கிடையாது. டீயும் கடலை மிட்டாயும் பள்ளிக்கூடச் செலவு.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால், ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்லுகிறேன்.

ஒரு தாளில் நாலு செய்திகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒன்று, 2021ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது நம் எல்லோருக்கும் வந்தது: கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும் என்பது. இரண்டாவது, நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்பது. மூன்றாவது, ஒரு வெள்ளப் படம், கீழே 'நேற்று சென்னையில்' என்று எழுதியிருந்தது. நாலாவது, டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும் என்பது. எது மெய், எது பொய் என்று கையைத் தூக்கச் சொன்னார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாதிக்கு மேல் பிள்ளைகள் நாலும் பொய் என்று கை தூக்கினார்கள்! பொய்யைக் கண்டுபிடிக்கிற வகுப்பு என்று தெரிந்து வந்தவர்கள் அல்லவா? டெங்குக் கொசு பகலில் கடிப்பது நிஜம். செவிலியர் அம்மாள் எழுந்து, "எல்லாமே பொய்னு சொல்றதும் சோம்பேறித்தனம்தான் கண்ணுங்களா! எல்லாத்தையும் நம்புறவனும் யோசிக்கிறதில்லை, எதையும் நம்பாதவனும் யோசிக்கிறதில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் யுனெஸ்கோ சமாசாரம் பொய் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதை நான் எத்தனை சுதந்திர தினத்துக்கு எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். இதைச் சொல்வது யார்? அதற்கு என்ன சான்று? மற்றவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? அவ்வளவுதான் பாடம். ஆனால் அதைச் செய்து பார்க்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. வெள்ளப் படத்தை மட்டும் கணினியில் போட்டு, படத்தைக் கொண்டே இணையத்தில் தேடிக் காட்டினார்கள். அது பல வருஷத்துக்கு முன் வேறு எந்த ஊரிலோ எடுத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தமாம். தினமும் பார்க்கிற குறி, எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒரு பையன் எழுந்து, "மிஸ், எங்கப்பாதான் அனுப்பறாரு. தப்புன்னு சொன்னா அடி விழும்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வந்தவர்கள் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் மிச்சமிருந்த நேரம் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நாலு பேர் எதிரில் பெரியவர்களைத் திருத்தக் கூடாது. 'பொய்' என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது. "யார்ப்பா சொன்னாங்க? நாம சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்க வேண்டும். திண்ணையில் என் மகள் செய்தது இதைத்தான்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் 65 வயசு அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம். ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மாள் செத்துப் போனார். அந்த வருஷம் இந்தியா முழுக்க இப்படி நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்பில் கட்டுப்பாடு வந்தது. கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்று வகுப்பு ஆரம்பித்ததும் அதே 2018ல்தான். அது சர்க்கார் ஏற்பாடு. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு கலெக்டர் கிடைப்பாரா? அதனால்தான் வாசகர் வட்டம் மாதிரி வெளியிலிருந்து வருகிறவர்கள் தேவைப்படுகிறார்கள்.

எங்களுக்கு இது புதுசும் இல்லை. நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது நான் சின்னப் பெண். வயல் வேலை முடித்து வந்த என் அம்மா ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சிலேட்டு பிடித்தாள். வாத்தியார் பக்கத்துத் தெரு அண்ணன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் 'மந்திரமா தந்திரமா' என்று நிகழ்ச்சி நடத்துவார்கள். மஞ்சள் தண்ணீரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை விட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும், பிள்ளைகள் அலறுவோம். "வீட்டுல ஆரத்தி கரைக்கிறாங்களே, அதேதான்" என்று சொல்லிவிட்டு, எங்களையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லுவார்கள். எப்படி ஆச்சு என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்தது அங்கேதான். ஆனால் கையில் போன் வந்ததும் அந்தப் பழக்கம் எங்கே போச்சோ!

வாசகர் வட்டத்தார் பேச்சோடு பேச்சாகப் பீகாரைப் பற்றிச் சொன்னார்கள். வெளியார் வந்து சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா என்ற சந்தேகம் எனக்கும் இருந்ததால், அதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2019 பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே 1,200 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். வீடு தேடிப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன் ஒன்றும் சொல்லும்படி இல்லை. கட்சிப் பற்று உள்ள சிலரிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை நம்புவது கூடவே செய்ததாம்.

அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. சில வருஷம் கழித்து இன்னும் சிலரோடு சேர்ந்து பிள்ளைகளிடம் போனார்கள். 583 கிராமங்கள், 13,500க்கும் மேற்பட்ட மாணவ மாணவிகள், 8லிருந்து 12ஆம் வகுப்பு வரை. வகுப்பு நடந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. பீகாரில் 'ஜீவிகா' என்று மகளிர் சுய உதவிக் குழுக்களின் பெரிய அமைப்பு இருக்கிறது, மாநில அரசின் ஆதரவில் நடப்பது. கோடிக்கு மேல் பெண்கள் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழுக்கள் பக்கம் நடக்கிற சமுதாய நூலகங்களில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். பாதிப் பேருக்கு இந்த வகுப்பு, மீதிப் பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே! ஒரே நாளில் கொட்டித் தீர்க்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு நாலு வகுப்புகள், வீட்டுப் பாடமும் உண்டு. எடுத்துக்கொண்ட விஷயம் பெரும்பாலும் நோயும் மருந்தும், ஏனென்றால் கட்சிச் சண்டை அதில் குறைவு.

இந்தத் தடவை பலன் தெரிந்தது. பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோதும் மறக்கவில்லை. வகுப்பில் சொல்லியே தராத அரசியல் செய்திகளிலும் அதே சாமர்த்தியத்தைக் காட்டினார்கள். இன்னொன்று: வகுப்புப் பக்கமே வராத அவர்கள் அப்பா அம்மாவும் முன்பைவிட நன்றாகப் பிரித்தறிந்தார்களாம். நேராகப் போய்ச் சொன்னபோது காதில் வாங்காத பெரியவர்கள், பிள்ளை வழியாக வந்ததும் வாங்கிக்கொண்டார்கள்! என் மாமியாரைப் பார்த்த பிறகு இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பின்லாந்து தேசத்தில் இது ரொம்ப நாளாக நடக்கிறது என்கிறார்கள். அங்கே 1920ல் தாய் சேய் நலத்துக்காக ஆரம்பித்த மான்னர்ஹைம் குழந்தைகள் நலச் சங்கம் இன்று பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவர்களைப் பழக்கி இளையவர்களுக்குத் துணையாக விடுகிறது. குழந்தைக்குப் பால் எப்படிக் கொடுப்பது என்று ஒரு காலத்தில் சொல்லித் தந்த சங்கத்துக்கு, போனை எப்படிப் பார்ப்பது என்பதும் இப்போது வேலையாகிவிட்டது. நியாயம்தானே?

எல்லாமே நல்லபடி என்று சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்குக் கிடைத்தது விளையாட்டுப் பீரியட். பையன்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்புக்கு அதுவும் இல்லை, 'பரீட்சை முடியட்டும்' என்றுவிட்டார்கள். சில அமைப்புகள் ஒரு நாள் வந்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. பீகாரில் ஒரு மணி நேரப் பேச்சு பலிக்கவில்லை என்று பார்த்தோமே, இதுவும் அதே கதைதான். பணம் யாருடையது என்பதையும் பார்க்கணும். இந்தியா முழுக்க நடக்கிற 'ஃபேக்ட்சாலா' என்ற பயிற்சி 2020ல் கூகுள் உதவியோடுதான் ஆரம்பித்தது. அதனால் பலர் நல்லது கற்றிருக்கிறார்கள், மறுக்கவில்லை. இருந்தாலும் வதந்தி ஓடுகிற ரோட்டைப் போட்டவர்களே ஜாக்கிரதையாகப் போங்கள் என்று போர்டும் வைப்பது எனக்கு என்னவோ போல்தான் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதாவது கட்சிக்காரர்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். எங்கள் மேலாண்மைக் குழுவில் அம்மாக்கள்தான் பாதிக்கு மேல். முதல் வகுப்புக்கு முன்பே என்னென்ன உதாரணங்கள் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றோம். உங்கள் ஊரிலும் இதைக் கேட்கலாம். யாரும் வராவிட்டால், நூலகத்துக்குப் போய் நீங்களே கூப்பிடலாம்.

இனி நான் சொல்ல வருவது கொஞ்சம் கஷ்டமானது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

மூன்றாவது வகுப்புக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார்கள். 'உங்கள் வீட்டில் நம்பிய ஒரு பொய்ச் செய்தியைக் கேட்டு எழுதி வரவும்.' என் மகள் ராத்திரி தோசைக்கல் பக்கத்தில் வந்து நோட்டோடு நின்றாள். யுனெஸ்கோ கதையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 9 மாதத்திலிருந்து 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி போட்டார்கள். என் மகள் அப்போது யு.கே.ஜி. பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. அதே நாளில் போனிலும் வந்தது: ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் குழந்தையே பிறக்காது என்று. அந்த வதந்தியால் மாத முடிவோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டித்தார்கள். ஊசி போட வந்த அன்று 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. நீட்டித்த நாட்களிலும் அனுப்பவில்லை. பிறகு மறந்தே போனேன்.

ருபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் நாலு நாள் காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். ஆனால் மாசமாக இருக்கிற பெண்ணுக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால், வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இருதயத்தில் குறை வரலாம், கருவே கலையலாம். குழந்தை பிறக்காது என்ற பயத்தில் நான் மறுத்த ஊசி, அவளுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கே காவல்!

சொல்லி முடித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டே, "அதை யாரும்மா உனக்கு அனுப்பினாங்க?" என்று கேட்டாள். அனுப்பியது நாத்தனாரா, பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப்பா, எதிர் வீட்டு அக்காவா? எவ்வளவு யோசித்தும் எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் பேச்சைக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோசை கருகியது.

மறுநாளே அவள் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். குழந்தையில் தட்டம்மைக்குப் போட்டது இருந்தது, ருபெல்லாவுக்கு எதுவும் இல்லை. இப்போதும் போட்டுக்கொள்ளலாம், எம்.எம்.ஆர். ஊசி நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை என்றார். மகள் அங்கேயும் விடாமல், இது யார் தயாரித்தது, பக்க விளைவு என்ன என்று கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை அவளிடம் கொடுத்தார். இரண்டு பேருமாகப் படித்தோம். முதல் தவணை போட்டாயிற்று. இரண்டாவது வருகிற பத்தாம் தேதி.

வீட்டுப் பாட நோட்டைப் பிறகு ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். செய்தி, வந்த வருஷம், அதனால் நடந்தது என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். 'அனுப்பியவர்' என்ற இடத்தில் மட்டும், 'அம்மாவுக்கு ஞாபகம் இல்லை' என்று இருந்தது.